மேலும் காண்க

*வில்யாண்டி நகர நூலகம், எஸ்தோனியா, 1950*

பெப்ரவரியில் பட்டியல் வந்தது.
நாற்பத்தொரு பக்கம், கரித்தாள் நகல்.
கடைசிப் பக்கங்களில் எழுத்து
புகைபோல மங்கிக் கிடந்தது.
மங்கியவற்றை என்ன செய்ய என்று
தாலினுக்குத் தொலைபேசியில் கேட்டேன்.
"சந்தேகமென்றால் எடுத்துவிடு."

சமையல் புத்தகம் ஒன்று போனது:
விருந்துப் படத்தில் தப்பான ஆள் உட்கார்ந்திருந்தார்.
பழைய கப்பல் அட்டவணை போனது.
'குளிர்காலத்தில் தேனீ' போனது:
முன்னுரையில் ஒருவருக்கு நன்றி,
நன்றிக்குரியவர் இப்போது
எந்த ஊரிலும் இல்லாதவர்.

பின்கட்டில் எண்டல் கோடரி பிடித்தார்.
புத்தகம் விறகு மாதிரி இல்லை,
பிளக்காது, நசுங்கும்.
ஒன்றுக்கு மூன்று வெட்டு.
அவருக்குத் தோள் வலி. சூடாக ஏதோ குடிக்கக் கொடுத்தேன்.
அதற்குமேல் நான் எதுவும் செய்யவில்லை,
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை இழுப்பறை.
ஒரு நூலுக்கு மூன்று அட்டை:
எழுதியவர் பேரில், நூலின் பேரில், பொருளின் பேரில்.
பித்தளைக் கம்பியை உருவி
மூன்றையும் எடுத்து
தோழர் ப்ரோகோப்பிடம் தர வேண்டும்.
துளைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி
இரண்டு தடவை எண்ணுவார்.
நாலாவதாக ஒன்று உண்டா என்று
அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

தேன்மெழுகு என்ற அட்டையின் அடியில்,
என் கையெழுத்தில், ஊதா மையில்:
மேலும் காண்க – குளிர்காலத்தில் தேனீ.

வியாழக்கிழமைகளில் ஆர்வெட் குஸ்க் வருவார்.
பால் நிலையத்தில் கணக்கர்,
வீட்டுக்குப் பின்னால் ஆறு பெட்டித் தேனீ.
மெழுகிலிருந்து புறப்பட்டுக்
குளிர்காலத்துக்குப் போனார்.
அங்கே குளம்புக்கு அடுத்து குறடு.
நடுவில் ஒன்றுமில்லை.
திரும்பி வந்து மெழுகைப் படித்தார்,
மறுபடி போனார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
இந்த ஊரில் அப்படிப் பார்ப்பது
ஒரு முழு வாக்கியம்.

எனக்குள் ஒரு சின்னப் பெருமை. மறைக்கமாட்டேன்.

அடுத்த வியாழன் கோரிக்கைச் சீட்டு எழுதினார்.
நூலின் பேர், தன் பேர், தெரு, வீட்டு எண்,
கணக்கருக்கே உரிய குண்டு எழுத்தில்.
"இல்லை" என்று முத்திரை குத்தினேன்.
அதற்கடுத்த வியாழனும் எழுதினார். அதற்கடுத்ததும்.
சீட்டுகளை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும்.
மாதக் கடைசியில் ப்ரோகோப்
அவற்றையும் எண்ணுவார்.

அப்போதுதான் வயிற்றில் இறங்கியது.
சன்னல் ஒன்றைத் திறந்துவைத்ததாக நினைத்திருந்தேன்.
எலிப்பொறிக்கும் வாய் திறந்துதான் இருக்கும்,
உள்ளே ஊதா மையில் ஒரு துணுக்கு வெண்ணெய்.

தீயில் ஒரு புத்தகம்கூடப் போடாத கையால்
அவருடைய மூன்று சீட்டையும்
அடுப்பில் போட்டேன்.
நன்றாகப் பிடித்தது.

"எழுதாதீர்கள்" என்றேன்,
மேல்கோட்டை எடுத்துக் கொடுக்கையில்,
பொத்தான்களிடம் சொல்வதுபோல.
அவர் தலையாட்டவில்லை. தொப்பியைச் சரிசெய்தார்.

அட்டையையும் எடுத்துவிட வேண்டும். தெரியும்.
இரண்டு தடவை கம்பியை உருவினேன்.
இரண்டு தடவையும் திரும்பச் செருகினேன்.
தைரியமா, சோம்பலா?
யாராவது வந்து விசாரித்தால்
சோம்பல் என்றுதான் சொல்வேன்.

இன்னும் வருகிறார், கோட்டில் பால் வாடையோடு.
நேரே 'தே' இழுப்பறை.
அந்த ஒரு வரியைப் படிப்பார்.
நூற்றெண்பது பக்கத்தில் மிச்சம் அதுதான்.
சில நாள் உதடு அசையும்.
மூடிவிட்டுச் செய்தித்தாள் மேசைக்குப் போவார்.

நவம்பருக்குள் அட்டையின் ஓரம் கறுத்துவிட்டது.
ஓர் ஆளின் விரல் அத்தனை கறுக்காது.

அழுக்கேறிய அட்டையைப்
புதிதாக எழுதிவைக்க வேண்டும் என்பது விதி.
பணி தாமதமாகிறது என்று
ஆண்டறிக்கையில் குறித்துவிட்டுக்
கையெழுத்துப் போட்டேன்: ஹில்யா.
எங்கள் பேச்சில் அந்தச் சொல்லுக்கே
தாமதமாக என்றுதான் பொருள்.